மூலப்படியும் ஒளிப்படமும்

கேமரா தரும் ஜேபெக் படம் ஏற்கெனவே பதிப்பிக்கப்பட்ட படம். நிறம் இன்னது, கருமை இவ்வளவு என்று கேமராவினுள் இருக்கும் நிரலே முடிவு செய்து, மிச்சத்தைக் கழித்துவிடுகிறது. ரா கோப்பு அப்படியன்று, அது சுவடி. உணர்வியின்மேல் விழுந்த ஒளியின் அளவுகள் மட்டுமே அதில் உள்ளன. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள் என்றால், 14 பிட் ராவில் 16,384.

இன்னொரு வியப்பும் உண்டு. உணர்வியின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அறியும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மற்ற இரண்டையும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் ஊகிக்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாத, காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாத ஏட்டை, முன்பின் சொற்களைக் கொண்டு படிப்பதுபோல.

கூடத்தில் ஜன்னலோரம் அமர்ந்திருந்த அம்மாவை எடுத்த படமொன்றை டார்க்டேபிள் என்னும் இலவச மென்பொருளில் திறந்தேன். முதற்காரியம் வெண்சமநிலை. மேலே குண்டு பல்பின் மஞ்சள், பக்கத்தில் பகல் வெளிச்சத்தின் நீலம். புடவையின் வெள்ளைக் கரையைச் சுட்டியதும் நிறங்கள் ஓரளவு தத்தம் இடத்துக்கு வந்தன.

அடுத்தது ஒளியளவு. சிக்கல் இங்கேதான். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும். படம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அம்மா கறுப்பு. அவருடைய கல்யாணப் படத்தில் முகம் ஒரு நிறம், கைகள் ஒரு நிறம். ஸ்டூடியோக்காரர் முகத்தை மட்டும் வெளுத்துத் தந்திருக்கிறார். கேட்காமல் செய்த உபகாரம்! அதை நினைத்துக்கொண்டு மூன்றில் ஒரு ஸ்டாப்போடு நிறுத்தினேன். நிழற்பகுதிகளை மட்டும் சற்றுத் திறந்ததில் தலைமுடியின் இழைகள் தெரிந்தன.

ஜன்னல் முழுக்க வெளிறியிருந்தது. உணர்வி நிரம்பி வழிந்த இடத்தில் மீட்பதற்கு ஒன்றுமில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அங்கே ஒரு வேப்பமரத்தையே இன்று முளைக்க வைக்கலாம். அதற்கு இடைச்செருகல் என்று பெயர். 1894-இல் வெளிவந்த புறநானூற்றில் சிதைந்த அடிகளுக்கு உ.வே.சா. புள்ளிகளையே இட்டார். ஜன்னலை வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.

இரைச்சல் நீக்கத்தைக் குறைவாகவே வைத்தேன். கூடினால் சுருக்கங்கள் மெழுகாகிவிடுகின்றன. கூர்மையாக்கம் கடைசியில், அச்சிடும் அளவு தீர்மானமான பிறகு. இத்தனை செய்தும் ரா கோப்பில் ஓர் எண்கூட மாறவில்லை. மாற்றங்கள் யாவும் எக்ஸ்எம்பி என்ற துணைக்கோப்பில் குறிப்புகளாகவே இருக்கின்றன.

அச்சிட்ட படத்தை அம்மா வெகுநேரம் பார்த்தார். "ஏண்டா, மொகத்தைக் கொஞ்சம் வெளுப்பாப் போடக் கூடாதா?" என்றார்.

என் கொள்கைகளை அவரிடம் விளக்குவது எப்படி என்று தெரியவில்லை. விளக்க எனக்கு உரிமை உண்டா என்பதும் தெரியவில்லை. முகம் அவருடையது. அதே மூலத்துக்கு இரண்டாவது துணைக்கோப்பு ஒன்றை உண்டாக்கி, முக்கால் ஸ்டாப் கூட்டினேன். முதற்படி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கூடத்தில் மாட்டியிருப்பது அம்மாவின் பாடம்.