ரூஜ் ஆற்றங்கரையில் ஒரு பானை கூழ்

ரொறன்ரோவில் வீட்டுப் பின்வளவில் விறகு மூட்டிச் சமைக்க அனுமதி இல்லை. காஸ் அடுப்பிலோ கரி அடுப்பிலோ இறைச்சி வாட்டலாம், திறந்த நெருப்பு கூடாது. ஒரு சிவப்பு வாகனம் வாசலில் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கு இது தெரியவந்தது. அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்த முதலாவது கோடை அது. அப்பா மூன்று செங்கல்லை வைத்து, பழைய வேலிப்பலகையை முறித்து, கூழுக்குத் தண்ணி கொதிக்க வைத்திருந்தார். வந்தவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்பா சாரத்தை இறக்கிவிட்டு, தண்ணியை நெருப்பில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு அம்மா குசினியில் மின்சார அடுப்பில் காய்ச்சித் தந்தா. அப்பா குடித்துவிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை: "புகை இல்லை."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் கூழ்ப் பேச்சு வரும், போகும். பிறகு அம்மா எங்களை விட்டுப் போனா. அப்பா சாப்பாட்டைக் கோப்பையில் அளைந்துவிட்டு எழும்பத் தொடங்கினார். ஏதும் வேணுமோ என்று கேட்டால், "ஒண்டும் வேண்டாம் மேனை" என்பார். ஒருநாள் தானாகவே, "கூழ் எண்டால் குடிக்கலாம்" என்றார். சொன்னதோடு சரி. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

இடம் தேடியபோது அகப்பட்டதுதான் கிளென் ரூஜ். ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் கிங்ஸ்டன் வீதியை ஒட்டி, ரூஜ் ஆற்றங்கரையில், நகர எல்லைக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கக்கூடிய இடம். 2015இல் தேசிய நகர்ப்புறப் பூங்காவாக்கிய ரூஜ் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி அது. ஒவ்வொரு தங்குமிடத்திலும் நெருப்பு மூட்ட ஒரு குழி இருக்கிறது. இரவில் 401 நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும், காடு என்று மயங்கிவிட முடியாது. ஆனாலும் அங்கே நெருப்புக்கு அனுமதி உண்டு. எங்களுக்கு அது போதும்.

விறகுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. வேறிடத்திலிருந்து கொண்டுபோகக் கூடாது, கிட்டடியிலேயே வாங்க வேணும். 2007இல் ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு இந்த நகரத்தின் ஆஷ் மரங்களை இலட்சக்கணக்கில் தின்று முடித்துவிட்டது. விறகுக்குள் ஒளிந்துதான் அது ஊர்விட்டு ஊர் போகுமாம். பன்னாடையும் கொக்கறையும் பனைமட்டையும் எரித்துப் பழகிய அப்பா, கட்டுக்கட்டாகக் காசு கொடுத்து வாங்கிய மேப்பிள் விறகைத் தூக்கிப் பார்த்து, "உது நல்ல பாரம், நிண்டு எரியும்" என்றார். அந்த மாதத்தில் அவர் சொன்ன நீளமான வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

சாமான் சேர்த்த கதை தனிக்கதை. ஒடியல்மா தமிழ்க்கடையில் இருந்தது. நண்டும் இறாலும் மீன் தலையும் சீனக்கடையில். மரவள்ளிக்கிழங்குக்கு மெழுகு பூசி விற்கிறார்கள், தோலைத் தடிப்பாகச் சீவ வேணும். பலாக்கொட்டை ஐஸ் பெட்டியிலிருந்து. பயத்தங்காயும் முருங்கையிலையும் ஸ்காபரோவில் இப்போது பெரிய விசயமே இல்லை. ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சுகிற இனிப்புக்கூழ் என்று நினைத்து என் மகள் சந்தோசமாகப் புறப்பட்டாள். நண்டைக் கண்டதும் முகம் சுருங்கிப்போச்சு.

அங்கே போய்த்தான் ஒரு விசயம் விளங்கியது. அப்பாவுக்கு நெருப்புத் தெரியும், நண்டு உடைக்கத் தெரியும், எது முதல் வேகும் எது பிறகு வேகும் என்று தெரியும். ஒடியல்மா மட்டும் எப்போதும் அம்மாவின் கையில்தான் இருந்தது. பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த மா அது, ஒரு கயர்ப்பு இருக்கும். தண்ணியில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்தண்ணியை வடித்து எடுக்க வேணும். எத்தனை தரம்? எவ்வளவு மா? புளி எவ்வளவு? அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அம்மா இருந்தபோது ஒருநாளும் நான் கேட்கவில்லை.

ஊரில் இருக்கும் பெரியம்மாவை வட்ஸ்அப்பில் எடுத்தோம். இங்கே மதியம், அங்கே இரவு ஒன்பதரை. "மூண்டு தண்ணி மாத்து பிள்ளை, நாக்கில வைச்சுப் பார், கயர்த்தால் இன்னொருக்கா" என்றா. புளிக்கு அளவு கேட்டால், "உன்ர அம்மா கொஞ்சம் கூடத்தான் விடுவா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பேசாமல் இருந்தா. அப்பா போனை வாங்கி, ஊரில் மழையோ என்று கேட்டார்.

பானையின் வெளிப்பக்கம் முழுக்க, கரியைக் கழுவச் சுகமாக இருக்கும் என்று, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் பூசினோம். தண்ணி கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயத்தங்காய். அவை அவிந்து வர மீன் தலை, நண்டு, இறால். பிறகு அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், உப்பு. மாவைப் புளித்தண்ணியில் கரைத்து ஊற்றும்போது கட்டிபடாமல் துழாவ ஒரு ஆள் வேணும். அந்த வேலை மகனுக்கு விழுந்தது. கண்ணெல்லாம் புகை. "விடாதை, அடிப்பிடிச்சிடும்" என்று அப்பப்பா பக்கத்தில் நின்று அதட்ட, அவன் சிரித்துக்கொண்டே துழாவினான். கடைசியாக முருங்கையிலை.

கூழ் தடித்து நிறம் மாறி வந்தபோது, அடுத்த கூடாரத்திலிருந்து ஒரு வயதான வெள்ளைக்காரர் எட்டிப்பார்த்து என்ன சமையல் என்று கேட்டார். கடலுணவு சூப் என்று சொல்லிவைத்தேன். வேறென்ன சொல்ல? ஒரு கிண்ணம் கொடுத்தோம். உறைப்பில் முகம் சிவந்தாலும் முழுவதும் குடித்தார், மீன் தலையைத் தவிர.

பனையோலையில் பிளா கோல இங்கே வழியில்லை. கோப்பிக் கடதாசிக் கப்பில்தான் குடித்தோம், கையில் ஒரு தேங்காய்ச் சொட்டோடு. அப்பா முதல் வாயை எடுத்துக் கண்ணை மூடினார். நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"புளி காணாது," என்றார்.

பிறகு கப்பை நீட்டினார். இரண்டாவது, மூன்றாவது. ஒரு நண்டுக் காலை நெடுநேரம் சூப்பிக்கொண்டிருந்தார். மகள் நண்டைத் தொடவில்லை, பலாக்கொட்டையாகப் பொறுக்கிச் சாப்பிட்டாள். மகன் இரண்டு கப் குடித்துவிட்டு, அடுத்த முறை மிளகாயைக் குறைக்கலாமா என்று அப்பப்பாவிடம் கேட்டான். குறைக்க ஏலாது என்று உடனே பதில் வந்தது.

இருட்டியபின் ரக்கூனுக்குப் பயந்து மிச்சக் கூழைப் பானையோடு காருக்குள் வைத்துப் பூட்டினோம். அப்பா நெருப்பை அணைக்க விடவில்லை, குந்தியிருந்து கொள்ளியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். மகன் போனை எடுத்து எழுதத் தொடங்கினான்: மூன்று தண்ணி, முதலில் அரிசி, பிறகு பலாக்கொட்டை. புளிக்கு எவ்வளவு எழுதுவது என்று கேட்டான். அப்பா உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். அவன் அதைப் படம் பிடித்துக்கொண்டான்.