வால்வு செட்டின் குரல்: குணம் எது, பழுது எது?

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்தில், காவிரிப் படுகையின் மக்கள் வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் கேட்ட குரல் அனைத்தும் வெற்றிடக் குழாயாகிய வால்வின் வழியாகவே வந்தது. டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஊர்த் திருவிழாவின் மைக் செட்டுக்குள் நுழைய மேலும் பல ஆண்டுகள் ஆயின. கல்யாணத்துக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும் வாடகைக்குப் போய்வந்த அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையர்களைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் உள்ளனர். அவர்கள் போற்றும் இனிமையில் கருவியின் குணம் எவ்வளவு, வயதால் வந்த பழுது எவ்வளவு என்று பிரித்துக் காணாமல் அதைப் பழுதுபார்ப்பது இயலாது.

வால்வின் கண்ணாடிக் கூட்டுக்குள் 6.3 வோல்ட்டில் எரியும் இழை, கேத்தோடு என்னும் குழலைச் சூடாக்கி எலெக்ட்ரான்களை வெளிவிடச் செய்கிறது. 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் நிற்கும் பிளேட் அவற்றை இழுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள கிரிட் என்னும் கம்பிவலை, வாய்க்கால் மதகின் பலகையைப் போலச் சிறு அசைவால் பெரும் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. இறுதியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அந்த உயர் அழுத்தத்தை ஸ்பீக்கர் ஏற்கும் அளவுக்கு மாற்றித் தருகிறது.

அளவுக்கு மீறி ஒலியைக் கூட்டினால் டிரான்சிஸ்டர் பெருக்கி பெரும்பாலும் அலையின் முகட்டைச் சட்டென வெட்டிவிடும். வால்வு அதைப் படிப்படியாக மழுக்கும். அப்போது மூல ஒலியோடு அதன் மடங்குகளும் பிறக்கின்றன. இரண்டாம் மடங்கு மேல் ஸ்தாயி சட்ஜமாகவும், மூன்றாம் மடங்கு அதற்கு மேலுள்ள பஞ்சமமாகவும், ஐந்தாம் மடங்கு அந்தர காந்தாரமாகவும் அமைவதால், தம்பூராவின் நாதத்தில் பழகிய செவி அவற்றைக் கெடுதலாக எண்ணாமல் செழுமையாகவே ஏற்கிறது. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இ.எல்.34 போன்ற வால்வுகள் இரண்டு மாறிமாறி இயங்கும் புஷ்-புல் அமைப்பில், இரண்டும் சமமாக உழைக்கும்வரை இரட்டைப்படை மடங்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்று தேய்ந்து வலுவிழந்தால் அந்த அழிப்பு குறைந்து, இரண்டாம் மடங்கு எஞ்சி, குரல் தடித்துக் கேட்கும். கேட்பவர் பாராட்டும் அந்தத் தடிப்பு உண்மையில் ஜோடி பிரிந்ததன் அடையாளமாக இருக்கலாம். இரு வால்வுகளின் மின்னோட்டத்தையும் அளந்து பார்க்காமல் அதைக் குணம் என்று கொள்வது தவறு.

செவியை ஏமாற்றும் இன்னொன்று குழாய் ஸ்பீக்கர். கீழ் ஒலிகளை அது ஏறத்தாழ விழுங்கிவிடும். ஆகவேதான் நாகஸ்வரமும், தவிலின் வலந்தலையில் விரல் கூடுகள் எழுப்பும் சொற்களும் வயல் கடந்து தெளிவாகக் கேட்க, கம்பால் அடிக்கும் தொப்பியின் முழக்கம் பந்தலோடு நின்றுவிடுகிறது. இதே காரணத்தால் பழுதும் மறைந்துகொள்ளும். மின்சப்ளையை வடிகட்டும் கண்டன்சர்கள் உலர்ந்துபோனால் எழும் 100 ஹெர்ட்ஸ் உறுமலும், ஹீட்டர் கம்பியிலிருந்து கிரிட்டுக்குத் தாவும் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் குழாயில் மெல்லிய இரைச்சலாக மட்டுமே தெரியும். காகிதக் கூம்பு ஸ்பீக்கரைப் பெட்டியோடு மாட்டிக் கேட்டால்தான் எது எந்த உறுமல் என்று பிரியும்.

மிகவும் கவனிக்கவேண்டிய பழுது இணைப்புக் கண்டன்சரின் கசிவு. முந்தைய வால்வின் பிளேட்டிலுள்ள உயர் அழுத்தத்தைத் தடுத்து, இசையை மட்டும் அடுத்த கிரிட்டுக்கு விடுவது அதன் வேலை. மழைக்கால ஈரம் ஊறிய பழைய காகிதக் கண்டன்சர் சிறிது கசிந்தாலும் கிரிட் நேர் மின்னழுத்தம் பெற்று, வால்வு மிகையான மின்னோட்டத்தை இழுக்கும். செட் முதலில் நன்றாகவே பாடும். சூடேறச் சூடேறக் குரல் கரகரக்கும். விளக்கை அணைத்துப் பார்த்தால் பிளேட்டின் நடுவே மங்கிய சிவப்பு தெரியும். அந்தச் சிவப்பைக் கண்டவுடன் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். வால்வை மட்டும் மாற்றினால் புதியதும் அதேபோலச் சிவக்கும்.

எல்லாக் குறையும் செட்டுக்குள்ளேயே இருப்பதில்லை. குறுவைப் பட்டத்தில் மோட்டார்கள் ஒருசேர ஓடும்போது 230 வோல்ட் 180 ஆக இறங்கினால், 6.3 வோல்ட் பெறவேண்டிய இழைக்கு 5 வோல்ட்கூடக் கிடைப்பதில்லை. எலெக்ட்ரான் வரத்துக் குறைந்து குரல் தளரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வால்வின் கால்களைக் களிம்பேறச் செய்வதால், துடைத்துச் செருகினாலே சில செட்கள் உயிர்பெறும்.

உள்ளே கை வைப்போர் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டன்சர்களில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதை மறக்கலாகாது. ஸ்பீக்கர் இணைக்காமல் செட்டை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று எரிந்துபோகக்கூடும். இ.எல்.34 இன்றும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் தயாராகிறது. கண்டன்சர்கள் கடையில் கிடைக்கின்றன. அந்த டிரான்ஸ்ஃபார்மரை அதே முறையில் சுற்றித் தருவோரைக் காண்பது அரிது. பரணில் பழைய செட் வைத்திருப்போர், பாடவில்லை என்பதற்காக அதைச் செம்புக்கென எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.