கோப்பையை விட வேன் முக்கியம்

எங்கள் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு காசில்லாமல் கிடைத்தது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் லயத்தை ஒட்டியே திடல் இருக்கும். பக்கத்துத் தோட்டத்தோடு காற்பந்தாட்டம் என்றால் தோட்டத்து லாரியே ஏற்றிப்போகும். இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிடும். பூட்ஸ்தான் எல்லாருக்கும் இருக்காது. வெளியே வருபவன் கோட்டோரம் உட்கார்ந்து கழற்றிக் கொடுப்பான். உள்ளே போகிறவன், பெரிதாக இருந்தால் முனையில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு ஓடுவான்.

திடலும் லாரியும் தந்ததில், தொழிலாளி தோட்டத்திலேயே தங்கட்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. எந்தக் கணக்காக இருந்தாலும், பிள்ளைகள் ஆடினார்கள்.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. பத்தாங் பெர்ஜுந்தையே இன்று பெஸ்தாரி ஜெயா. தாமானுக்குக் குடிவந்த குடும்பத்தில் அப்பாவுக்கு ஷிப்டு வேலை, வீட்டுக்கு ஒரே மோட்டார் சைக்கிள். பட்டணத்தில் மாலைப் பயிற்சி என்றால் பையனை அழைத்துப்போக ஆளில்லை. திறமை குடத்திலிட்ட விளக்காகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பேஸ்பாலுக்குக் கையுறை, மட்டை, தலைக்கவசம் என்று செலவு அதிகம். அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகள் அதிலிருந்து ஒதுங்குவதைக் கண்ட முன்னாள் ஆட்டக்காரர் ஜான் யங், 1989இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'ஆர்பிஐ' திட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் வரட்டும் என்று காத்திராமல், ஆட்டத்தை அவர்கள் வட்டாரத்துக்கே கொண்டுபோனார். பின்னர் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பே அதை ஏற்று நடத்தியது.

நம்மிடம் முயற்சி இல்லாமலில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி படிப்படியாக ஏறி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு விலகிவிட்டது. உச்சியில் ஓர் அணி இருந்தால் பெருமைதான். ஆனால் பத்து வயதுப் பையன் வாரம் இரண்டு நாள் திடலுக்குப் போய்வர அது உதவாது.

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு நாள் போட்டி, மேடை, மாலை, பெரிய கோப்பை ஆகியவற்றுக்கு நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். அடுத்த முறை நன்கொடைப் புத்தகத்தோடு வருபவர்களிடம் ஒன்று கேளுங்கள்: தமிழ்ப்பள்ளித் திடலில் பயிற்றுநர் வாராவாரம் வருவாரா, ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வீட்டில் விட வேன் உண்டா? உண்டு என்றால், கோப்பைக்கு எழுதும் தொகையை அந்த வேன் வாடகைக்கு எழுதுங்கள்.