கவிழ்ந்து கிடக்கும் சீட்டு

52 சீட்டுகள் கொண்ட கட்டில் ஏஸ் நான்கு. நன்றாகக் கலைத்து ஒரு சீட்டை எடுத்தால் அது ஏஸாக இருக்க 13-இல் 1 வாய்ப்பு. எடுத்ததைத் திரும்பச் செருகாமல் அடுத்ததை எடுக்கும்போது கணக்கு மாறுகிறது. முதலில் வந்தது ஏஸ் என்றால் மிச்சமுள்ள 51 சீட்டில் ஏஸ் மூன்றுதான். வாய்ப்பு 17-இல் 1. ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்தபின் மற்றொன்றுக்கு இருக்கும் இந்த வாய்ப்புதான் நிபந்தனை நிகழ்தகவு. இரண்டையும் பெருக்கினால், அடுத்தடுத்து இரண்டு ஏஸ் வர 221-இல் 1. முதல் சீட்டைத் திரும்ப வைத்து எடுத்திருந்தால் 169-இல் 1.

பள்ளிக் கணக்கு பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். சுவாரஸ்யம் இதற்குப் பிறகுதான். முதல் சீட்டை யாரும் பார்க்காமல் கவிழ்த்து வைத்துவிட்டால், இரண்டாவது ஏஸாக இருக்க வாய்ப்பு என்ன? பழையபடி 13-இல் 1தான். பார்க்காத சீட்டு மேஜையில் கிடந்தாலும் கட்டுக்குள் கிடந்தாலும் ஒன்றே. இனி இரண்டாவதைத் திருப்பிப் பார்த்து அது ஏஸ் என்று தெரிந்தால், கவிழ்ந்து கிடக்கும் முதல் சீட்டு ஏஸாக இருக்கும் வாய்ப்பும் 17-இல் 1 ஆகக் குறைந்துவிடும். பின்னால் எடுத்தது முன்னால் எடுத்ததை எப்படிப் பாதிக்கும் என்று வாதாடுபவர்கள் உண்டு. சீட்டு மாறவில்லை, பார்ப்பவருக்குத் தெரிந்த சேதிதான் மாறியிருக்கிறது.

கேள்வியைக் கேட்கும் விதமும் விடையை மாற்றும். ஒருவர் கையில் இரண்டு சீட்டு. “ஒரு ஏஸாவது இருக்கிறதா?” என்று கேட்டு, ஆம் என்று பதில் வந்தால், இரண்டுமே ஏஸாக இருக்க 33-இல் 1 வாய்ப்பு. ஏஸ் கலந்த ஜோடிகள் 198. அவற்றில் இரண்டும் ஏஸாக அமைபவை 6. “இஸ்பேடு ஏஸ் இருக்கிறதா?” என்று கேட்டு ஆம் என்றால் வாய்ப்பு 17-இல் 1. இஸ்பேடு ஏஸ் உள்ள ஜோடிகள் 51, அவற்றில் மூன்றில் இன்னொரு ஏஸ் உண்டு. குறிப்பிட்ட ஒரு சீட்டைப் பெயர் சொல்லிக் கேட்டதில் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. எண்ணிப் பார்க்காமல் இதை ஒப்புக்கொள்வது கடினம்.

போன சீட்டு தெரிந்தால் அடுத்ததன் வாய்ப்பு மாறுவதைக் காசாக்கும் வழியை அமெரிக்கக் கணித அறிஞர் எட்வர்ட் தார்ப் 1962-இல் ‘பீட் தி டீலர்’ என்ற நூலில் விளக்கினார். பிளாக்ஜாக் என்ற சூதாட்டச் சீட்டாட்டத்தில் ஆடி முடித்த சீட்டு உடனே கட்டுக்குத் திரும்புவதில்லை. எவை போயின என்று நினைவில் வைப்பவருக்கு மிச்சம் என்ன என்பது தெரியும். பத்தும் ஏஸும் அதிகம் மிஞ்சியிருக்கும் நேரத்தில் பந்தயத்தை உயர்த்துவதே உத்தி. சூதாட்ட விடுதிகள் பல கட்டுகளைச் சேர்த்துக் கலைத்து இதைச் சமாளித்தன. ஒற்றைக் கட்டில் ஓர் ஏஸ் போனால் அடுத்த ஏஸின் வாய்ப்பு 7.7 சதவீதத்திலிருந்து 5.9 ஆக விழும்; ஆறு கட்டுகள் சேர்ந்தால் 7.4 வரைதான் இறங்கும்.