பளிங்கு மாளிகையும் பவதாரிணி சந்நிதியும்

கொல்கத்தாவைச் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு நாள் வாய்த்தால், ஹௌரா பாலம், விக்டோரியா நினைவகம், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம் என நான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு விரைவது பயணியர் பலரின் வழக்கம். நான்கின் முன்பும் நின்று படம் எடுத்துக்கொண்டால் நகரைப் பார்த்த நிறைவு வந்துவிடும். ஆயினும், ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் சற்றே நின்று, இதை எழுப்பியவர் யார், யாருக்காக எழுப்பினார், இன்று இதனுள் நடப்பது என்ன என்று கேட்டுப் பார்ப்பவருக்கு அந்த ஒரு நாளே யாத்திரையாகிவிடும்.

ரயிலில் வந்து இறங்குவோரை முதலில் வரவேற்பது ஹௌரா பாலம். 1943ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பயன்பாட்டுக்கு வந்த இப்பாலத்தில் ஏறத்தாழ 26,500 டன் எஃகு உள்ளது. ஆற்றின் நடுவே ஒரு தூணும் இல்லாமல், 1,500 அடி அகலத்தை ஒரே தாவலில் கடக்கிறது. திருகாணிகளின்றித் தறையாணிகளாலேயே இணைக்கப்பட்டது. பாலத்தின் கீழ்க்கரை அடிவாரத்தில் மல்லிக் காட் பூச்சந்தை. விடியலிலேயே சாமந்திச் சரங்களும், காளி அன்னைக்குரிய செம்பருத்தி மாலைகளும் அங்கே குவிந்துவிடுகின்றன. பூக்கூடையைத் தலையில் சுமந்து பாலத்தைக் கடப்பவர்களைக் காணும்போது, இரும்பும் இறைவழிபாட்டுக்குத் துணை நிற்பது புலனாகும்.

அடுத்தது விக்டோரியா நினைவகம். 1901ஆம் ஆண்டு ஜனவரியில் விக்டோரியா மகாராணி மறைந்ததும், அவர் நினைவாக ஒரு மாளிகை எழுப்ப வேண்டுமெனத் திட்டமிட்டவர் வைஸ்ராய் கர்சன் பிரபு. 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வில்லியம் எமர்சனின் வரைபடத்தின்படி, ராஜஸ்தானத்து மக்ரானாவின் வெண்பளிங்கைக் கொண்டு கட்டினார்கள். சமஸ்தானாதிபதிகளும் மற்றவர்களும் அளித்த நன்கொடையே மூலதனம். ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் செலவாயிற்று. ஆனால், பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1911இல், இந்தியாவின் தலைநகரம் டெல்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. 1921ஆம் ஆண்டு டிசம்பரில் மாளிகை திறக்கப்பட்டபோது, கொல்கத்தா தலைநகரமாக இல்லை. அடுத்த 26 ஆண்டுகளில் அந்த ஆட்சியும் முடிந்தது. இன்று அது அழகிய அருங்காட்சியகம். ஓவியங்களும் குளங்களும் தோட்டமும் கண்ணுக்கு விருந்து. எவருடைய புகழுக்காக எழுந்ததோ, அவருடைய சிலை மட்டும் அமைதியாக வீற்றிருக்கிறது.

அங்கிருந்து வடக்கே சென்று கங்கைக்கரையை அடைந்தால், தட்சிணேஸ்வரம். இதை எழுப்பியவரும் ஒரு ராணிதான். ஆனால், ராணி ராசமணி எந்த நாட்டையும் ஆண்டவர் அல்லர். 'ராணி' என்பது தாயார் செல்லமாக இட்ட பெயர். 1793இல் எளிய கிராமத்துக் குடும்பத்தில் பிறந்து, ஜான்பஜார் ஜமீன்தாருக்கு வாழ்க்கைப்பட்டு, கணவரை இழந்தபின், பெரும் சொத்தைத் தாமே திறம்பட நிர்வகித்தவர் அவர். 1847இல் காசி யாத்திரைக்குப் படகுகள் ஆயத்தமாக இருந்த இரவில் காளி அன்னை கனவில் தோன்றி, “இங்கேயே கங்கைக்கரையில் எனக்குக் கோயில் எழுப்பு, அங்கு உன் பூஜையை ஏற்றுக்கொள்வேன்” என்று ஆணையிட்டதாக வரலாறு கூறும். யாத்திரை நின்றது, திருப்பணி தொடங்கிற்று.

ஒன்பது சிகரங்களுடன் நூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பவதாரிணி சந்நிதி, ஆற்றையொட்டி வரிசையாகப் பன்னிரண்டு சிவாலயங்கள், ராதாகிருஷ்ணர் சந்நிதி என அனைத்தும் எட்டாண்டுகளில் உருவாயின. அப்போதுதான் பெரும் தடை எழுந்தது. ராசமணி பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, அவருடைய கோயிலில் அன்னையின் முன் அன்ன நிவேதனம் செய்யலாகாது என்று பண்டிதர்கள் பலர் கூறிவிட்டனர். கோயில் கட்டியும் அம்பிகைக்கு ஒரு பிடி அன்னம் படைக்க இயலாத நிலை அந்தத் தாயின் நெஞ்சை எவ்வளவு வருத்தியிருக்கும்!

வழி சொன்னவர் ராம்குமார் சட்டோபாத்தியாயர். கோயிலை ஓர் அந்தணருக்குத் தானமாக அளித்துவிட்டு, அவர் வாயிலாகப் பிரதிஷ்டை நடந்தால் சாஸ்திரத்தில் தடையில்லை என்றார். ராசமணி தயங்கவில்லை. பெரும் பொருட்செலவில் எழுப்பிய ஆலயத்தைத் தம் குருவின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். தம்முடையது என்ற உரிமையை விட்டுக்கொடுத்த பிறகே, 1855ஆம் ஆண்டு மே 31 அன்று அன்னைக்கு அமுது படைக்க முடிந்தது. ராம்குமாரின் கைப்பிடித்து அங்கு வந்த இளைய தம்பி கதாதரரே, பின்னாளில் உலகம் போற்றிய ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர்.

பூஜை என்றும் தடைபடாதிருக்க, தினாஜ்பூர்ப் பகுதியில் நிலங்களை வாங்கினார் ராசமணி. அவற்றைக் கோயிலுக்கு உரிமையாக்கும் சாசனத்தில் 1861ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று கையொப்பமிட்டார். மறுநாள் அன்னையின் திருவடி சேர்ந்தார். இறுதிப் படுக்கையிலும் அவர் மனத்தில் இருந்தது, நாளைய நிவேதனம் பற்றிய கவலையே.

கோயில் துறையிலிருந்து படகில் சென்றால் அக்கரையில் பேலூர் மடம். 1898இல் இதற்கான நிலத்தைப் பெற்ற சுவாமி விவேகானந்தர், தம் குருநாதருக்கு இங்கே ஓர் ஆலயம் எழ வேண்டுமென விரும்பினார்; 1902இல் மறைந்தார். அவர் மனத்தில் கண்ட ஆலயம் 1938ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று பிரதிஷ்டை கண்டது. ஒருபுறம் நோக்கின் கோயிலாகவும், மறுபுறம் நோக்கின் மசூதியாகவும் தேவாலயமாகவும் தோன்றும் அதன் அமைப்பு, குருவின் சமரச நெறிக்குக் கல்லில் அமைந்த விளக்கம்.

செல்ல விரும்புவோர் காலையில் விக்டோரியா நினைவகத்தைப் பார்த்துவிடலாம். திங்கட்கிழமைகளில் அதன் கூடங்கள் திறந்திருப்பதில்லை. தட்சிணேஸ்வரத்துக்கு மெட்ரோ ரயில் செல்கிறது. நண்பகலில் நடை அடைக்கப்படுவதால் மாலை நடை திறப்பின்போது தரிசிப்பது நல்லது. கைபேசியை வெளியே ஒப்படைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். பேலூரிலும் படம் எடுக்க அனுமதியில்லை. நகரமெங்கும் படம் எடுத்துக் களைத்த கைகள், இவ்விரு தலங்களிலும் கூப்புவதற்கு ஓய்வாகக் கிடைக்கின்றன.

அந்தி சாயும் வேளையில் பேலூரில் ஆரத்தி தொடங்கும். அதே நேரத்தில் அக்கரையில் பவதாரிணிக்கும் தீபம் காட்டப்படும். ஒரு ராணியின் பெயரால் பளிங்கு மாளிகை நிற்கிறது. இன்னொரு ராணியின் கொடையால் நாள்தோறும் அன்னைக்கு அமுது படைக்கப்படுகிறது. கொல்கத்தா செல்வோர் இரண்டையும் காணட்டும். அன்னை பவதாரிணியின் அருளைப் பெற்று மீளட்டும்.