யாருடைய மௌனம்?

ஒருவர் பேசி முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே நிலவும் மௌனத்தை அளப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. பேசுவோரின் இசைவுடன் அவர்களது இணையவழி அழைப்புகளை, ஆய்வகச் சுவிட்சின் மிரர் போர்ட்டிலிருந்து பாக்கெட்டுகளாகவே பதிவு செய்கிறோம். ஒரு பாக்கெட்டில் பொதுவாக 20 மில்லி வினாடிப் பேச்சு இருக்கும். தொடர்ந்து பத்துப் பாக்கெட்டுகள் விடுபட்டால் 200 மில்லி வினாடி வெறுமை. அதைத் ‘தயக்கம்’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாம். பேசியவரோ தயங்கியிருக்கவே மாட்டார்.

ஆகவே விடுபட்டது எங்கே என்பதைத் தெளிந்தாக வேண்டும். ஆர்டிபி நெறிமுறையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் உண்டு. எண் தாவினால் இழப்பு புலப்படும். உடன்செல்லும் ஆர்டிசிபி அறிக்கையில், தனக்கு வந்து சேராதவை எத்தனை என்று பெறும் கருவியே தெரிவிக்கிறது. எங்கள் பதிவில் எண்கள் தாவின. பெறுநரின் அறிக்கையிலோ இழப்பு சுழியம். கேட்டவர் செவிக்குச் சென்ற சொல், எங்கள் ஏட்டில் மட்டும் இல்லை.

டிசிபிடம்ப் நிரல் முடியும்போது, கெர்னல் கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் காட்டும். நிரல் எடுத்துக்கொள்ளும் வேகத்தைவிட வரத்து மிகுந்தால் பஃபர் நிரம்பி வழிகிறது. முகவரிகளுக்குப் பெயர் தேடுவதை நிறுத்தினோம், திரையில் அச்சிடாமல் நேரே கோப்பில் எழுதினோம், பஃபரைப் பெரிதாக்கினோம். அந்த எண்ணிக்கை சுழியமாயிற்று. நெட்வொர்க் கார்டின் இழப்பை ஈத்டூல் வழியே பார்த்தோம், அதுவும் சுழியமே. ஆயினும் தாவல்கள் நீடித்தன.

எஞ்சியது சுவிட்ச். 1 கிகாபிட் இணைப்பு இரு திசையிலும் முழுவேகத்தில் ஓடினால் மொத்தம் 2 கிகாபிட். அதன் நகல் 1 கிகாபிட் மிரர் போர்ட்டில் அடங்காது. மிகுதி அங்கேயே உதிரும். பதிவுக் கணினியின் எந்தக் கணக்கிலும் அது ஏறாது. பல போர்ட்டுகளின் நகலை விடுத்து, குரல் சேவையகத்தின் போர்ட்டை மட்டும் நகலெடுக்கச் செய்ததும் தாவல்கள் நின்றன.

நோக்கப்படுகிறோம் என்னும் உணர்வே பேச்சை மாற்றிவிடும் என்பதை வில்லியம் லபோவ் மொழியியலாளருக்கு உணர்த்தினார். இங்கே பேச்சு மாறவில்லை. நோக்கியின் கை நழுவியது.

இனி, பெறுநரின் அறிக்கையோடு பொருந்தாத பதிவுகளின் மௌனங்கள் என் அட்டவணையில் இடம்பெறா. இத்துறையில் உழைக்கும் நண்பர்கள் ஒலியோடு அந்த அறிக்கைகளையும் சேமித்து வைக்க வேண்டுகிறேன். பேசியவர் மீது இல்லாத தயக்கத்தை ஏற்றாமலிருக்க அதுவே சான்று.