அடுத்தது ஆர்?

2013ஆம் ஆண்டு மே மாதம் சேர் அலெக்ஸ் பேர்குசன் விடைபெற்றதிலிருந்து மன்செஸ்டர் யுனைட்டட் ரசிகர்களுக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்தது ஆர்? மொய்ஸ், வான் ஹால், மொரினியோ, சோல்ஷயர், ரங்னிக், டென் ஹாக், அமோரிம் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

எங்கட கூட்டத்தில் இந்த வாக்குவாதம் உச்சத்துக்குப் போனது 2024 ஒக்டோபர் கடைசியில். லீக்கில் 9 ஆட்டங்கள் முடிய அணி 14ஆம் இடம். டென் ஹாக்கை அனுப்பிவிட்டார்கள். இதே மனிதர்தான் ஐந்து மாதத்துக்கு முன்னர் வெம்பிளியில் சிட்டியைத் தோற்கடித்து எஃப்.ஏ. கிண்ணம் எடுத்துத் தந்தவர். ஜூலையில் அவரது ஒப்பந்தத்தை நீட்டியவர்களும் இதே நிர்வாகத்தினர்தான்.

நாங்கள் உடனே கட்சி பிரிந்தோம். ஒருத்தன் "எங்கட ஆள்தான் வேணும்" என்றான். அப்போது தற்காலிகமாகப் பொறுப்பில் இருந்த வான் நிஸ்டல்ரோய் நான்கு ஆட்டங்களில் மூன்றை வென்று, ஒன்றைச் சமன் செய்தார். கழகத்தின் பழைய வீரர். அவருக்கு இந்த ஜேர்சியின் பாரம் தெரியும் என்பது அவனுடைய வாதம். மற்றவன் அமோரிம் பக்கம். ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 19 வருசத்துக்குப் பிறகு லீக் வென்று கொடுத்தவர், இளம் ஆள், மூன்று பேரைப் பின்னால் நிறுத்தி ஆடும் தெளிவான முறை வைத்திருக்கிறார். மூன்றாமவன் ஆரையும் சொல்லவில்லை. "ஆர் வந்தாலும் அஞ்சு வருசம் குடுங்கோடா" என்றான். நான் அமோரிம் கட்சி.

மூன்று பேரின் கதையிலும் உண்மை இருந்தது. ஆனால் மூன்றையும் இந்தக் கழகம் ஏற்கனவே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது.

'எங்கட ஆள்' என்றால் சோல்ஷயர். 2018 டிசம்பரில் தற்காலிகமாக வந்து, முதல் 19 ஆட்டங்களில் 14ஐ வென்றார். பரிஸில் போய் பி.எஸ்.ஜி.யை வெளியேற்றிய இரவை எந்த யுனைட்டட் ரசிகனும் மறக்கமாட்டான். அந்தச் சூட்டோடு அவரை நிரந்தரமாக்கினார்கள். 2021 நவம்பரில் வட்ஃபோர்ட்டிடம் 4-1 என்று தோற்றதோடு அவரும் போனார்.

'முறை' என்றால், ஒவ்வொரு மனேஜரும் தன் முறைக்கென்று ஆட்களை வாங்குவார். அவர் போனபிறகு அந்த ஆட்கள் அடுத்தவரின் தலையில். 2014இல் அன்றைய பிரித்தானிய சாதனை விலைக்கு வந்த டி மரியா ஒரே வருசத்தில் பரிஸுக்குப் போனார். டென் ஹாக் தன் பழைய கழகமான அயாக்ஸிலிருந்து 8 கோடி பவுணுக்கு மேல் கொடுத்துக் கூட்டிவந்த அன்ரனி, அமோரிம் வந்து சில மாதங்களில் பெற்றிஸுக்கு இரவலாகப் போனார். நால்வர் பின்னணிக்காகச் சேர்த்த அணியைக் கையில் கொடுத்து, மூவர் பின்னணியில் ஆடுங்கோ என்றால் எப்படிச் சரிவரும்?

'பொறுமை' என்றால் பேர்குசன்தான் உதாரணம். 1986 நவம்பரில் வந்தவர். 1990இல் லீக்கில் 13ஆம் இடம், ஆனால் அதே பருவத்தில் எஃப்.ஏ. கிண்ணம். லீக் வெல்ல 1993 ஆனது. அருமையான கதை. ஆனால் பொறுமை என்பது மனேஜருக்குக் காலம் கொடுப்பது மட்டுமில்லை, அவருக்கு மேலே இருப்பவர்களும் நிலையாக இருக்கவேண்டும். 2024 ஜூலையில் விளையாட்டுப் பணிப்பாளராக வந்த டான் ஆஷ்வேர்த் டிசம்பரில் போய்விட்டார். ஆளைத் தெரிவு செய்யவேண்டியவருக்கே ஐந்து மாதம்தான் என்றால், தெரிவானவருக்கு எப்படி ஐந்து வருசம் கிடைக்கும்?

2005இல் கிளேசர் குடும்பம் கழகத்தை வாங்கியபோது, வாங்கிய கடனில் பெரும்பங்கைக் கழகத்தின் தலையிலேயே கட்டியது. அதுவரை கடனில்லாமல் இருந்த கழகம் அது. அப்போது மனேஜராக இருந்தவர் பேர்குசன், எல்லோரும் கும்பிட்ட மனிதர். அப்படியிருந்தும் ஒரு பகுதி ரசிகர்கள் வெளியேறி, எஃப்.சி. யுனைட்டட் ஒஃப் மன்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கழகம் தொடங்கினார்கள். அங்கத்தவருக்கு ஆளுக்கொரு வாக்கு. கீழ்மட்ட லீக்குகளில்தான் ஆடுகிறார்கள். 'ஆர் மனேஜர்' என்பதை விட 'ஆருடைய கழகம்' என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி.

அந்தக் கேள்வி எவ்வளவு நியாயம் என்பதை அமோரிமின் முதல் பருவமே காட்டியது. டென் ஹாக்கையும் உதவியாளர்களையும் அனுப்பிவைக்க ஒரு கோடி பவுணுக்கு மேல் போனது. அதே பருவத்தில், சிறுவர், முதியவர் என்ற சலுகை எதுவுமில்லாமல் 66 பவுணுக்கு ரிக்கெட் விற்றார்கள். ஏற்கனவே 250 வேலைகள் வெட்டப்பட்டிருந்தன, பிறகு இன்னும் 200 வரை என்றார்கள். ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாடும் நிறுத்தப்பட்டது. தெரிவு பிழைத்தால் மனேஜருக்கு நட்டஈடு கிடைக்கும். சமையலறையில் நிற்கிறவருக்குத்தான் வேலை போகும். அந்தத் தெரிவில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை.

பருவம் 15ஆம் இடத்தில் முடிந்தது. 2025 மே மாதம் பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியாட்டம், எங்களுக்கு நள்ளிரவு 12.30. ரொட்டன்ஹாமிடம் 1-0. விடிந்ததும் முதல் பேச்சு, "அமோரிமையும் மாத்தவேணும், அடுத்தது ஆர்?"

இந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு கழகத்தை நேசிப்பதில் பாதி இந்த வாக்குவாதம்தான். மனேஜருக்கு முகம் இருக்கிறது, தொடுகோட்டில் நின்று நனைகிறார், ஏசுவதற்கு வசதி. கடன் பத்திரத்தை ஆரும் ஏசமுடியாது. ஆனால் பெயரைச் சொல்ல முதல் மூன்று விசயம் கேட்டுப் பழகினால் நல்லது. வீரர்களை ஆர் தெரிவு செய்யிறது? அந்த ஆள் அடுத்த வருசமும் இருப்பாரா? வருகிற காசு அணிக்குப் போகுதா, கடனுக்குப் போகுதா? இதுக்குப் பதில் இல்லாத வீட்டுக்கு எந்தக் கெட்டிக்காரன் வந்தாலும், அடுத்த கார்த்திகையில் அவருக்கும் பிரியாவிடைதான்.

இதையெல்லாம் எங்கட பெடியளுக்கு ஒருநாள் ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். மூன்று பேரும் கடைசிவரை கேட்டார்கள்.

"சரி மச்சான்" என்றான் ஒருத்தன். "இப்ப ஆளைச் சொல்லு."